ஒரே படம், நாலு டிஸ்க்

எங்க வீட்டு ஹால் அலமாரில டீடூர்னு ஒரு படம் நாலு டிஸ்க்கா இருந்துச்சு. 1945ல வந்த படம், மொத்தமே 68 நிமிஷம்தான், பி.ஆர்.சின்னு ஒரு ஏழைக் கம்பெனி எட்கர் உல்மர்ங்கிற டைரக்டர வெச்சு எடுத்தது, ஹீரோ டாம் நீல், ஆன் சாவேஜ ஹீரோயின்னு சொல்றத விட நாகப்பாம்புன்னு சொல்லிடலாம். நாலுமே அதே படந்தான். போன மாசம் தூசி தட்டும்போது வீட்ல கேட்டாங்க, "ஏங்க, இதுல மூணத் தூக்கிக் குடுத்துடலாம்ல?" சரின்னுதான் சொல்ல வந்தேன், ஆனா கையில எடுத்துப் பாத்தப்ப இருபது வருஷத்துல பழைய ஹாலிவுட் படம் சேக்குறேன்னு நான் பண்ண அத்தன கூத்தும் அந்த நாலு டிஸ்க்குக்குள்ளயே இருக்குற மாதிரி தோணுச்சு. அதான் எழுதிடலாம்னு, யாராவது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் காசாவது மிச்சமாகும்.

நான் நியூ ஜெர்ஸிக்கு ப்ராஜெக்ட்ல வந்தது 2006. எடிசன் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல நாலு பசங்க. ஓக் ட்ரீ ரோட்டுக் கடைங்கள்ல தமிழ்ப் பட டிவிடி கிடைக்கும், ஆனா அங்க போக கார் வேணும், என்கிட்ட கார் இல்ல. நடக்குற தூரத்துல இருந்தது பப்ளிக் லைப்ரரி, அங்க டிவிடி இலவசம். புதுப்படத்தயெல்லாம் வெள்ளிக்கிழம சாயந்தரமே அள்ளிட்டுப் போயிடுவாங்க, நான் போறப்ப மிச்சம் இருக்குறது எக்சர்சைஸ் டிவிடியும் கறுப்பு வெள்ளப் படமும்தான். அப்படிக் கைக்கு வந்தது டபுள் இன்டெம்னிட்டி. பில்லி வைல்டர், 1944. ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஒரு பணக்காரன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் சேந்து புருஷன முடிச்சிட்டு பாலிசி பணத்த எடுக்கப் பாக்குறாங்க, அவ்வளவுதான் கத. படம் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷத்துலயே ஹீரோ ஆபீஸ்ல குரல் பதியுற டிக்டாஃபோன்ல நான்தான் கொன்னேன், பணமும் கிடைக்கல, பொண்ணும் கிடைக்கலன்னு சொல்லிடுறான். யார் கொலகாரன்னு கடைசில சொல்ற படமாப் பாத்து வளந்த எனக்கு இது என்னடா எடுத்த எடுப்புலயே முடிச்சிட்டானேன்னு இருந்துச்சு, ஆனா எந்திரிக்க முடியல.

அதுல மொத பாடம் சப்டைட்டில். அந்தக் காலத்து ஆளுங்க பேசுற ஸ்பீடு இருக்கே, மெஷின் கன் தோத்துடும். ஏஜென்ட்டும் அந்தம்மாவும் மொதமொத சந்திக்கிற சீன்ல வண்டி ஸ்பீடு லிமிட், போலீஸ் டிக்கெட்னு பேசிப்பாங்க, பேச்சு வண்டியப் பத்தியே கிடையாது, எல்லாமே வேற பேச்சு. சப்டைட்டில் இல்லாம பாத்திருந்தா எனக்கு அது டிராஃபிக் சீன்தான். நம்ம காதுக்கு 1940கள் அமெரிக்க ஸ்லாங்க் கஷ்டம், வெக்கப்பட ஒண்ணுமில்ல. அதனால எந்த டிஸ்க் வாங்குனாலும் பின் அட்டைல இங்கிலீஷ் சப்டைட்டில் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. விலை கம்மியா வர்ற பழைய டிவிடி நிறையத்துல அது கிடையாது, அமெரிக்காக்காரன் அதப் பெருசா எடுத்துக்க மாட்டான், நமக்கு அது இல்லன்னா பாதிப் படம் போச்சு.

இந்த மாதிரி இருட்டான க்ரைம் படத்துக்கு நுவார்னு பேரு, அந்த வார்த்தையே எனக்கு டிவிடி கூட வர்ற கமென்டரி கேட்டுத்தான் தெரியும். பிரெஞ்சுல கறுப்புன்னு அர்த்தம். போர் முடிஞ்சு நாலஞ்சு வருஷப் பாக்கி அமெரிக்கப் படமெல்லாம் பாரிஸ்ல மொத்தமா வந்து இறங்குனப்ப, 1946ல நினோ ஃபிராங்க்ங்கிற விமர்சகர் என்னடா எல்லாம் இவ்வளவு இருட்டா இருக்குன்னு பாத்துட்டு எழுதுன வார்த்த. எடுத்தவங்களுக்கே தாங்க எடுக்குறது நுவார்னு தெரியாது, அவங்களுக்கு அது க்ரைம் படம், இல்ல மெலோட்ராமா. பேரு பிரெஞ்சுக்காரன் வெச்சது, அந்த இருட்டக் கொண்டு வந்ததுல பாதிப் பேரு ஜெர்மனிலேர்ந்தும் ஆஸ்திரியாலேர்ந்தும் வந்து சேந்தவங்க, வைல்டர், ஃப்ரிட்ஸ் லாங், சியோட்மாக் எல்லாம் அந்த வகைதான்.

சரி, டீடூர் கதைக்கு வர்றேன். மொத டிஸ்க், 50 படம் ஒரே டப்பாவுல, விலை பதினஞ்சு டாலர் பக்கம். படத்துக்கு முப்பது சென்ட்! ஓட்டல் சாப்பாட்ட விட சீப்பு. சந்தோஷமா வாங்கிட்டு வந்து போட்டா, படம் முழுக்க மழை பெய்யுற மாதிரி கோடு, ராத்திரி சீன்ல ஆளே தெரியல, ஒரு மொகம் மட்டும் பேய் மாதிரி மிதக்குது, நடுவுல வசனம் பாதில கட்டாகி அடுத்த சீன் வந்துடுது. டீடூர் ராத்திரி ரோட்டுலயும் மூடுபனிலயும் நடக்குற படம் வேற. நான் நெனச்சேன், ஏழைக் கம்பெனி, ஆறேழு நாள்ல எடுத்திருப்பான், படமே இப்படித்தான் போலன்னு. பல வருஷம் அப்படியே நம்பிக்கிட்டு இருந்தேன், அந்த ஒளிப்பதிவாளருக்கு நான் பண்ண பெரிய துரோகம் அது.

ஏன் அப்படின்னா காப்பிரைட். அமெரிக்காவுல 1964-க்கு முன்னாடி வந்த படத்துக்கு மொத 28 வருஷம் உரிம, அப்புறம் கம்பெனி விண்ணப்பம் போட்டு புதுப்பிக்கணும். சின்னக் கம்பெனிங்க பல மூடிப் போச்சு, சில பேரு மறந்துட்டாங்க, அந்தப் படமெல்லாம் பொதுச்சொத்து ஆயிடுச்சு. டீடூர், ஸ்கார்லெட் ஸ்ட்ரீட், டி.ஓ.ஏ., ஐடா லூபினோ எடுத்த தி ஹிட்ச்-ஹைக்கர், கான்சாஸ் சிட்டி கான்ஃபிடென்ஷியல், டூ லேட் ஃபார் டியர்ஸ் எல்லாம் இந்த லிஸ்ட்டுதான். யாரு வேணாலும் டிவிடி போடலாம், யாரும் யாருக்கும் காசு குடுக்க வேணாம். ஆனா ஒரிஜினல் நெகட்டிவ் அவன்கிட்ட இருக்காது, அந்தக் காலத்துல டிவி ஸ்டேஷனுக்கு அனுப்புன 16 எம்எம் பிரின்ட்டு, நூறு தடவ ஓடித் தேஞ்சது, அதுலேர்ந்து ஒரு டேப், டேப்லேர்ந்து இன்னொரு டேப், கடைசில டிவிடி. அதனால மேல சொன்ன பேருங்கள ஒரு டாலர் டிவிடில பாத்தா கண்ண மூடிட்டு கடந்து போயிடுங்க. நான் போகல. ரெண்டாவது டீடூர் ஒரு டாலர் கடைல வாங்குனேன், இது வேற அட்டையாச்சே, வேற மாதிரி இருக்கும்னு. அதே மழை. மூணாவதுல ரீமாஸ்டர்டுன்னு தங்கக் கலர்ல பெருசா போட்டிருந்தான், விலையும் பன்னெண்டு டாலர், கோடெல்லாம் போயிடுச்சுதான், கூடவே ஆன் சாவேஜ் மொகத்துல இருந்த எல்லாமும் போயிடுச்சு, மெழுகு பொம்ம. ரீமாஸ்டர்டுங்கிற வார்த்தைக்கு யாரும் லைசன்ஸ் வாங்கத் தேவையில்ல, அத அப்பதான் புரிஞ்சிக்கிட்டேன். எந்த மூலப் பிரதிலேர்ந்து, எந்த ஆவணக் காப்பகம் பண்ணதுன்னு அட்டைல எழுதியிருந்தா மட்டும் நம்புங்க.

நாலாவது, பழைய படங்கள நல்லா பண்ணிப் போடுற க்ரைட்டீரியன்ங்கிற கம்பெனி 2019ல போட்ட ப்ளூ-ரே. அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவும் டைரக்டர் ஸ்கோர்செஸி ஆரம்பிச்ச ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேந்து பண்ண ரெஸ்டரேஷன். பெல்ஜியத்துல ஒரு பழைய பிரின்ட் நல்ல நிலைமைல கிடைச்சிருக்கு, ஆனா அதுல பிரெஞ்சு, ஃப்ளெமிஷ் சப்டைட்டில் பிலிம்லயே பொறிச்சிருந்துச்சாம், அத ஃபிரேம் ஃபிரேமா எடுத்திருக்காங்க. போட்டுப் பாத்தேன். அந்த சாப்பாட்டுக் கடைல ஹீரோ உக்காந்து பழச நெனைக்கிறப்ப சுத்தி வெளிச்சம் கம்மியாகி கண்ணு மேல மட்டும் ஒரு பட்ட வெளிச்சம் நிக்கும், காப்பிக் கப்பு பூதாகாரமாத் தெரியும். பதிமூணு வருஷமா அந்தப் படம் என்கிட்ட இருக்கு, அன்னைக்குத்தான் அந்த வெளிச்சத்தப் பாத்தேன். இருட்டுன்னா ஒண்ணும் தெரியாம இருக்குறது இல்ல, கறுப்புக்குள்ள கறுப்பு கோட்டு தெரியணும், கோட்டுக்குப் பின்னாடி கறுப்பு செவுரு தெரியணும். இந்த வகைப் படத்துக்கு நாம குடுக்குற காசு பூரா அந்தக் கறுப்புக்குத்தான்.

அந்தக் கறுப்பு எப்படி இருக்கும்னு ஒருத்தர வெச்சுப் புரிஞ்சிக்கணும்னா ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன். டைரக்டர் ஆன்டனி மானோட 1947ல டீ-மென், 1948ல ரா டீல், அப்புறம் ஜோசப் லூயிஸோட 1955ல தி பிக் காம்போ. ரொம்ப கம்மி விளக்கு, மிச்சமெல்லாம் நிழல், எத விட்டுடணும்னு தெரிஞ்ச ஆளு. டீ-மென் ரொம்ப நாள் கேவலமான டிவிடியாத்தான் சுத்திக்கிட்டு இருந்துச்சு, 2017ல க்ளாசிக்ஃப்ளிக்ஸ் ப்ளூ-ரே போட்டாங்க, வாங்கலாம், கவல வேணாம்.

இப்ப அப்பா கத. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ரிட்டயர் ஆனவரு. 2009 குளிர்ல அம்மாவும் அவரும் ஆறு மாசம் வந்தாங்க, அம்மாவுக்கு சமையக்கட்டு, ஃபோன்னு பொழுது போயிடும், அப்பா ஜன்னல்கிட்ட உக்காந்து பனியப் பாத்துட்டே இருப்பாரு. அந்த வருஷங்க டிவிடி பாக்ஸ் செட்டோட பொற்காலம், வார்னர்காரங்க 2004லேர்ந்து நுவார் கலெக்‌ஷன்னு வருஷத்துக்கு ஒண்ணா விட்டாங்க, மொத டப்பாவுலயே தி அஸ்பால்ட் ஜங்கிள், கன் க்ரேஸி, அவுட் ஆஃப் தி பாஸ்ட், தி செட்-அப், மர்டர் மை ஸ்வீட்னு அஞ்சு மாணிக்கம். ஃபாக்ஸ் தனியா நம்பர் போட்டு விட்டான், அலமாரில வரிசையா நிக்கிறதப் பாக்குறதே ஒரு போதை. ரெண்டாவது வார்னர் டப்பாலேர்ந்து தி நேரோ மார்ஜின்னு ஒண்ண எடுத்து அப்பாவுக்குப் போட்டேன், ரயில் படம்ங்கிற ஒரே காரணத்துக்காக. 1952, ரிச்சர்ட் ஃப்ளெஷர், 71 நிமிஷம். கோர்ட்ல சாட்சி சொல்லப் போற ஒரு கேங்ஸ்டர் பொண்டாட்டிய ஒரு போலீஸ்காரன் ரயில்ல பத்திரமாக் கூட்டிட்டுப் போகணும், கொல்ல வந்தவனுங்களும் அதே ரயில்ல. பின்னணி இசையே கிடையாது, ரயில் சத்தம்தான் இசை. ஒரு குண்டு மனுஷன் அந்தச் சின்ன காரிடர அடிக்கடி அடைச்சுக்கிட்டு நிப்பாரு, அப்பா அதுக்குச் சிரிச்ச சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். இங்கிலீஷ் வேகமாப் புரியாது அவருக்கு, எல்லாத்தயும் நான் மொழிபெயர்க்கவும் இல்ல, ஆனா முக்கால்வாசிப் படத்துலயே, "தம்பி, அந்தப் பொம்பள சரியில்லப்பா, வேற என்னமோ இருக்கு"ன்னாரு. அது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

முடிஞ்சதும் அவரு சொன்னது, "நம்ம அந்த நாள் மாதிரியே இருக்கு, பாட்டே இல்ல." எஸ். பாலசந்தர் 1954ல ஏவிஎம்முக்குப் பண்ண அந்த நாள அவரு சின்னப் பையனா இருந்தப்ப பாத்திருக்காரு, பாட்டு வரும் வரும்னு கொட்டாயில எல்லாரும் காத்துட்டு இருந்தாங்களாம். அத நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல, அப்புறம் தேடிப் பாத்தேன். சிவாஜி மொகத்துல விழுற நிழலப் பாத்தா நம்மாளுங்களும் இந்த விளையாட்ட நல்லாவே ஆடியிருக்காங்கன்னு தெரியும்.

திரும்பிப் போறப்ப பத்து டிவிடி குடுத்து அனுப்புனேன். திருச்சி போய்ப் போட்டா ஓடல. ரீஜன் கோடு! அமெரிக்க டிவிடி ரீஜன் 1, இந்தியா ரீஜன் 5. எட்டாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் அப்பா ஃபோன்ல "ஏதோ நம்பர் காட்டுதுப்பா, நாடு தப்புங்குது"ன்னு வருத்தப்படுறாரு, நான் இங்க தலைல கை வெச்சுட்டு உக்காந்திருக்கேன். கடைசில அவரே தெருமுனைல இருக்குற டிவி ரிப்பேர் கடைக்கு பிளேயரத் தூக்கிட்டுப் போயிருக்காரு, அந்தப் பையன் ரிமோட்ல ஏதோ நாலு நம்பர் தட்டி ரெண்டே நிமிஷத்துல எல்லா ரீஜனும் ஓடுற மாதிரி பண்ணிட்டானாம், காசு கூட வாங்கல. உங்க டிவிடி பிளேயர் மாடலப் போட்டு ரீஜன் அன்லாக்னு தேடுனா பாதி மாடலுக்கு இந்த ரிமோட் வித்தை கிடைக்கும், மொதல்ல அதப் பாத்துட்டு புது பிளேயர் வாங்குறத யோசிங்க.

ப்ளூ-ரேல இந்த வித்தை பெருசா பலிக்காது. அங்க ஏ, பி, சின்னு மூணு. அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியா சி. பிரிட்டன்ல இன்டிகேட்டர்னு ஒரு லேபிள் 2020லேர்ந்து கொலம்பியா நுவார்னு ஆறாறு படமா பாக்ஸ் செட் விட ஆரம்பிச்சாங்க, கூடவே தடியா ஒரு புத்தகம், மொத டப்பா 6000 காப்பிதான். 6000ன்னு பாத்ததும் கை நடுங்கி ஆர்டர் பண்ணிட்டேன், வந்து போட்டா பிளேயர் வாங்க மாட்டேங்குது. அட்டைக்குப் பின்னாடி ரீஜன் 'பி'-ன்னு தெளிவா போட்டிருக்கான், என் அவசரம், படிக்கல. அப்புறம் அந்த ஒரு டப்பாவுக்காக எல்லா ரீஜனும் ஓடுற பிளேயர் ஒண்ணு இருநூத்துச் சொச்சம் டாலர்ல வாங்குனேன், சட்ட வாங்கிட்டு அதுக்குப் பொருத்தமா பீரோ வாங்குன கதை. ஆனா உண்மையச் சொல்லணும்னா இருபது வருஷத்துல நான் வாங்குனதுலயே உருப்படியான பொருள் அந்த பிளேயர்தான், பிரிட்டன் கதவு மொத்தமா தொறந்துடுச்சு. ப்ளூ-ரேக்கு அடுத்த தலமுறையா வந்த 4கே டிஸ்க்ல இந்த ரீஜன் தொல்லையே கிடையாது, எங்க வாங்கி எங்க வேணா போடலாம். இன்னொண்ணு, பழைய ஐரோப்பிய டிவிடி பால் (PAL)ங்கிற டிவி முறைல இருக்கும், 24 ஃபிரேம் படத்த 25ல ஓட்டுவான், நூறு நிமிஷப் படம் 96ல முடிஞ்சிடும், குரல் லேசா கீச்சுன்னு ஏறும். நடிகர் போகார்ட் குரல் கீச்சுன்னு கேட்டா என்ன ஆகுறது, அதனால ஐரோப்பாலேர்ந்து வாங்குனா ப்ளூ-ரேவா வாங்குங்க.

அடுத்தது எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் தர்ற விஷயம், டிஸ்க் அழுகல். 2012 வாக்குல ஒரு பாக்ஸ் செட்டப் பிரிச்சேன், வாங்கி அஞ்சு வருஷம், பல படம் அப்ப வரைக்கும் போட்டே பாக்கல, ஆபீஸ், கல்யாணம், குழந்தைன்னு ஓடிட்டு இருந்துச்சு. போட்டா நல்லாத்தான் ஓடுது, பாதில அப்படியே நின்னுடுச்சு. தொடச்சேன், கழுவுனேன், வேற பிளேயர்ல போட்டேன், ம்ஹூம். கீறலே இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு. அடுத்த டிஸ்க், அதுவும் அதே. அப்புறம்தான் தெரிஞ்சுது, 2006லேர்ந்து 2008 வரைக்கும் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்காக அடிச்ச டிவிடிங்க நிறைய இப்படித்தான் உள்ளயே செத்துப் போகுது, ரெண்டு பிளாஸ்டிக் அடுக்குக்கு நடுவுல இருக்குற பூச்சும் பசையும் கெட்டுப் போறது, நாம எப்படி வெச்சிருந்தோம்ங்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 2025ல அந்த ஸ்டுடியோவே ஆமான்னு ஒத்துக்கிட்டு மாத்தித் தர்றோம்னு சொன்னாங்க, முடியாததுக்கு வேற படம் தருவாங்களாம். என்னோடதுல ஏழு டிஸ்க் போயிருந்துச்சு.

அதுலேர்ந்து நான் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். எந்த டிஸ்க் வந்தாலும் அன்னைக்கே பிரிச்சு, கம்ப்யூட்டர் டிரைவ்ல போட்டு மொத்தமும் படிக்குதான்னு பாத்துடுவேன். அதுக்கு நேரமில்லன்னா படத்தோட நடுப்பகுதிக்குப் போய் பத்து நிமிஷம், கடைசில அஞ்சு நிமிஷம் ஓட விடுவேன், ரெண்டு அடுக்கு டிவிடி பெரும்பாலும் நடுவுல அடுக்கு மாறுற இடத்துலதான் மாட்டும். சீல் பிரிக்காம வெச்சிருந்தா விலை ஏறும்னு ஒரு கூட்டம் சொல்லும், அவங்க கலெக்‌ஷன்ல உள்ள எத்தன செத்திருக்குன்னு அவங்களுக்கே தெரியாது. பழைய டிவிடி வாங்குறப்பவும், அதே 2006-08 வருஷம்னா திருப்பி எடுத்துக்கிற ஆள்கிட்ட மட்டும் வாங்குங்க. அடியில ஊதா கலர் அடிச்சா அது ஃபேக்டரில அச்சடிச்சது இல்ல, ரைட்டர்ல எரிச்சது. வார்னரோட பழைய படப் பிரிவு வார்னர் ஆர்க்கைவ் 2009ல ஆரம்பிச்சப்ப அவங்களே கேக்குறவங்களுக்கு மட்டும் எரிச்சுத்தான் குடுத்தாங்க, அதுல தப்பு இல்ல, ஆனா முன்பின் தெரியாத ஆளு ஊதா டிஸ்க்க ஒரிஜினல் விலைக்கு விக்கிறான்னா அது திருட்டுக் காப்பி.

விலை பத்தியும் ஒரு அடி வாங்கியிருக்கேன். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த தி பிக் ஹீட், சூடான காப்பிய மூஞ்சில ஊத்துற சீனுக்குப் பேர் போன படம், மொத ப்ளூ-ரே 2012ல 3000 காப்பி மட்டும் வந்துச்சு. நான் தூங்கிட்டேன், தீந்து போச்சு. தீந்தா அவ்வளவுதான், இனி இந்த ஜென்மத்துல வராதுன்னு ஒரு பயம் பிடிச்சுக்கும் பாருங்க, அந்த பயத்துல ஒருத்தர்கிட்ட 110 டாலருக்கு வாங்குனேன், வீட்ல 25ன்னு சொன்னேன். சில வருஷத்துல மறுபதிப்பு முப்பது டாலருக்கு வந்துச்சு, இப்ப 4கே-வும் வந்தாச்சு. பெரிய ஸ்டுடியோ படம்னா பொறுத்திருங்க, திரும்ப வரும். அவசரமா வாங்க வேண்டியது உரிம சிக்கல்ல இருக்குற சின்னப் படங்களத்தான்.

எந்தப் படம் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கிட்டா இந்தப் பொறுமை தானா வரும். டபுள் இன்டெம்னிட்டி பாரமவுன்ட் எடுத்தது, ஆனா டிவிடில யுனிவர்சல் பூமி சுத்தும், எனக்கு ரொம்ப நாள் கொழப்பம். 1958ல பாரமவுன்ட் தன்னோட 1950-க்கு முந்துன பேசும்படங்கள்ல பெரும்பாலானத எம்.சி.ஏங்கிற கம்பெனிக்கு டிவில போடக் குடுத்துட்டான், எம்.சி.ஏ அப்புறம் யுனிவர்சல வாங்கிட்டான், படமும் கூடவே போயிடுச்சு. அதே மாதிரி எம்.ஜி.எம் 1986-க்கு முன்னாடி எடுத்ததும், ஆர்.கே.ஓங்கிற பழைய ஸ்டுடியோ படங்களும் டிவி முதலாளி டெட் டர்னர் வழியா வார்னர் கைக்கு வந்துடுச்சு, அதனாலதான் வார்னர் டப்பால பாதி ஆர்.கே.ஓ. யுனிவர்சல் தன் பழசுங்கள டிஸ்க் போடுற கம்பெனிங்க கினோ லோர்பருக்கும் க்ரைட்டீரியனுக்கும் தாராளமா குடுக்குறான், டபுள் இன்டெம்னிட்டி 4கே 2022ல க்ரைட்டீரியன்ல வந்தது அப்படித்தான். ஃபாக்ஸ 2019ல டிஸ்னி வாங்குனதுலேர்ந்து அந்தப் பக்கம் வரத்து கம்மி, ஃபாக்ஸ் நுவார் பழைய டிவிடி நல்ல விலைக்குக் கிடைச்சா யோசிக்காம எடுத்துடுங்க.

வெர்ஷன் கொழப்பமும் இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். ஆர்சன் வெல்ஸோட டச் ஆஃப் ஈவில் மூணு விதமா இருக்கு, 1958 தியேட்டர் பிரதி, அதுக்கு முந்துன நீளமான பிரிவ்யூ பிரதி, வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு எழுதுன 58 பக்க மெமோவ வெச்சு எடிட்டர் வால்டர் மர்ச் 1998ல திருப்பிக் கோத்தது. மூணும் இருக்குற டப்பாவா வாங்குங்க, மொதல்ல 1998. தி பிக் ஸ்லீப்ல 1945ல ராணுவ வீரங்களுக்குப் போட்டுக் காட்டுனது வேற, 1946ல ரிலீஸ் ஆனது வேற, முதல்ல வந்ததுல கத புரியும், ரெண்டாவதுல போகார்ட்டும் லாரன் பகாலும் நல்லாயிருப்பாங்க. எனக்கு ரெண்டாவதுதான். கத புரிஞ்சு என்ன ஆகப் போகுது.

படம் நல்லதா வாங்குனா மட்டும் போதாது, டிவியையும் சரி பண்ணணும். 1953 வரைக்கும் வந்த படமெல்லாம் கிட்டத்தட்ட சதுரம், ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்ட இருக்கத்தான் செய்யும். என் மச்சான் வீட்டுக்கு வந்தவரு, இவ்வளவு பெரிய டிவி வாங்கி பாதிதான் தெரியுதுன்னு ரிமோட்ட எடுத்து இழுத்து விட்டாரு, ஹீரோ ராபர்ட் மிட்சம் ஊதிப் போய் இட்லி மாதிரி ஆயிட்டாரு. மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், அத மொதல்ல அணைங்க, இல்லன்னா எல்லாம் சீரியல் மாதிரி வழுக்கும். ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா அதுல போட்டுட்டு, ரூம் லைட்ட அணைச்சிட்டுப் பாருங்க. படத்துல பொடிப்பொடியா துடிக்கிறது அழுக்கு இல்ல, பிலிமோட க்ரெய்ன், அதாவது பிலிம்லயே இருக்குற பொடி, அது இருந்தாத்தான் அந்தப் பிரதி உயிரோட இருக்குன்னு அர்த்தம், டீடூர் மூணாவது டிஸ்க்ல அதத்தான் தொடச்சு எடுத்திருந்தான்.

இவ்வளவு ஏன், எல்லாம் ஸ்ட்ரீமிங்ல இருக்கேன்னு ஆபீஸ்ல பசங்க கேப்பாங்க. இருக்கும், இருந்துக்கிட்டே இருக்காது. ஃபிலிம்ஸ்ட்ரக்னு ஒரு சேவை, பழைய படத்துக்குன்னே 2016ல வந்துச்சு, சந்தா கட்டி அலமாரில பாதிய வித்துடலாம்னு நான் முடிவே பண்ணிட்டேன், 2018 நவம்பர்ல மூடிட்டாங்க. தபால்ல டிவிடி அனுப்புற நெட்ஃப்ளிக்ஸ் சேவையும் 2023 செப்டம்பரோட முடிஞ்சுது, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்க அது எவ்வளவு உதவியா இருந்துச்சு. இப்ப அந்த வேலைக்கு எனக்கு லைப்ரரிதான், அங்க இல்லன்னா வேற ஊர் லைப்ரரிலேர்ந்து வரவழைச்சுக் குடுப்பாங்க. லைப்ரரில வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ பழசெல்லாம் ஒரு டாலருக்குப் போடுவாங்க, காலைல கதவு தொறக்கும்போதே போயிடணும். க்ரைட்டீரியன் வேணும்னா ஜூலைலயும் நவம்பர்லயும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடைல பாதி விலை, அதுக்கு முன்னாடி முழு விலைக்கு வாங்குறது பாவம்.

படமே இல்லாமப் போறதும் உண்டு. எங்க வீட்லேர்ந்து முக்கால் மணி நேர டிரைவ்ல லிட்டில் ஃபெர்ரின்னு ஒரு ஊரு, அங்க 1937 ஜூலைல ஃபாக்ஸோட கிடங்கு எரிஞ்சுது, நைட்ரேட் பிலிம், வெயில்ல தானாவே பத்திக்கும், அவங்களோட மௌனப் படங்கள் பெரும்பாலும் அதோட போச்சு. நுவார்லயும் அப்படி ஒண்ணு தப்பிச்சு வந்துச்சு, ஆன் ஷெரிடன் நடிச்ச வுமன் ஆன் தி ரன், 1950. அதோட பிரின்ட் 2008ல ஸ்டுடியோ தீ விபத்துல போயிடுச்சு, எடி முல்லரோட ஃபிலிம் நுவார் ஃபவுண்டேஷன் லண்டன்ல இருந்த மூலத்தத் தேடிப் புடிச்சு மீட்டாங்க, 2016ல ஃப்ளிக்கர் ஆலி டிஸ்க் போட்டாங்க, கூடவே டூ லேட் ஃபார் டியர்ஸும். இந்த ரெண்டுக்கும் நான் பேரமே பேசல.

இப்ப என்கிட்ட அறுநூத்துச் சொச்சம் இருக்கு. ஃபோன்ல ஒரு லிஸ்ட் வெச்சிருக்கேன், கடைல நின்னு அதப் பாக்காம எதயும் எடுக்குறதில்ல, டீடூர் குடுத்த பயம். டிவிடிங்களோட கேஸத் தூக்கிப் போட்டுட்டு அட்டையையும் டிஸ்க்கையும் பிளாஸ்டிக் உறைல போட்டு ஷூ பெட்டில நிக்க வெச்சாச்சு, அலமாரில ப்ளூ-ரேக்கு மட்டும்தான் இடம், இது வீட்ல போட்ட ஒப்பந்தம்.

அந்த மூணு டீடூர்? ஒரு டாலர் டிஸ்க்கையும் மெழுகு பொம்மையையும் குப்பைல போட்டேன், யாருக்காவது குடுத்து அவங்களும் என்ன மாதிரி படமே இப்படித்தான்னு நம்பிட வேணாம். 50 பட டப்பா மட்டும் இன்னும் இருக்கு. அதுல உள்ள சில சின்னப் படங்களோட நல்ல பிரதி எதயும் நான் இதுவரைக்கும் கண்ணால பாக்கல, மழை பெஞ்சாலும் அதுலதான் பாக்கணும்.